ஆயாவின் பாதமும் என் நர்சிங் படிப்பும்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, இப்போது வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா, வலிப்பு வரும் தம்பி, படுத்த படுக்கையான பாட்டி என்று யாராவது இருப்பார்கள். "அக்கா, இதையெல்லாம் காலேஜ்ல சொல்லலாமா, சொன்னா தப்பா நினைப்பாங்களா?" என்று கேட்பார்கள். சொல்லலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பதிலுக்கு வந்துசேர எனக்குப் படிப்புக் காலத்தில் பெரும்பகுதி ஆனது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். நடுவயதில் அவருக்குத் தொழுநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டார், நோய் குணமானது. ஆனால் கிருமி போனாலும், அது கெடுத்துவிட்டுப் போன நரம்பு திரும்பாது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கியே இருக்கும். இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, கல் அழுத்தினாலும் தெரியாது. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கையைப் பார்ப்பார்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அக்னி நட்சத்திர வெயில், தெருவெல்லாம் ஜனம். ஆயா வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் நடப்பார், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார். சாயங்காலம் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினால் கொப்புளமாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியலையே கண்ணு" என்பார். அவருக்குத் தெரியாததால்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் வேலை. பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் எடுத்து அவர் காலை ஊறவைப்பேன். காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்ப்பேன். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுவேன். அப்புறம் செருப்புக்குள் கைவிட்டு ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இதையெல்லாம் ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்தது கரிகிரி ஆஸ்பத்திரி. 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை அது. காட்பாடி போய் அங்கிருந்து பஸ் மாறிப் போவோம். ஆயாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்து மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு கொடுப்பார்கள். நடக்கும்போது எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் பாதம் முழுக்கப் பரவும், புண் வராது. அங்கே யாரும் ஆயாவைத் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. வேறொரு இடத்தில், காய்ச்சலுக்காகப் போனபோது, கையைப் பார்த்ததும் வராண்டாவில் தனியாக உட்கார வைத்தார்கள். அன்று ஆயா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

வீட்டில் ஒரே ஒரு கட்டளை. வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. "நாளைக்கு உனக்கு மாப்ள பாக்கணும்" என்பார் அம்மா. அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது, 2019-இல்தான் நீக்கினார்கள். சட்டமே அப்படி இருந்தபோது அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிப்பில் சேர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயாலஜி குரூப். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைவது பெரிய கொடுமை. எனக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது. பஸ்சுக்கும் ஜெராக்சுக்கும் அது பெரிய உதவி.

முதல் வருடம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு பாடத்துக்கும் நோட்டை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் புத்தகத்தில் இருக்கும் வரி, மறுபக்கம் நான் ஆயாவிடம் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அந்தத் தமிழ் என்று எழுதிப் படித்தேன். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நோயாளியிடம் விளக்கிச் சொல்லும் அளவுக்குப் புரிந்துவிட்டால், ஆங்கிலத்தில் எழுதுவது பின்னாலேயே வந்துவிடும்.

அந்த வருடம் நர்சிங் கேர் பிளான் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியைப் பார்த்துத் தகவல் எடுப்பது, அவருக்கு என்ன பிரச்சினை என்று நர்சிங் டயக்னோசிஸ் எழுதுவது, திட்டம் போடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது என்று ஐந்து படி. மேடம் போர்டில் 'இம்பேர்டு ஸ்கின் இன்டெக்ரிட்டி', அதாவது தோல் கெட்டுப்போவது, என்று எழுதி, உணர்ச்சி இழந்த பாதத்தில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். தினமும் பாதத்தைப் பார்ப்பது, ஊறவைப்பது, எண்ணெய் தடவுவது, செருப்பைச் சோதிப்பது. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்து நான் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது! அதே வாரம் 'ஏன் நர்சிங் எடுத்தேன்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். வகுப்பில் எல்லாரும் சேவை மனப்பான்மை என்றே எழுதினோம், நானும் அப்படித்தான். ஆயாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேலூரில் மருத்துவம் சம்பந்தமாகப் படிக்கும் யாருக்கும் ஐடா ஸ்கடர் கதை தெரியும். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். அவரோ அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பாவை அழைத்துப்போக, ஆண் என்பதால் அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படித்து வந்து 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார், 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். விழா மேடைகளில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு இதைவிட மேரி வர்கீஸ் கதைதான் நெருக்கம். வேலூரில் இளம் டாக்டராக இருந்தவர், 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் உருவானது. அவருடைய நிலைமையை மறைக்க வழியே இல்லை, நோயாளி உள்ளே வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நாற்காலியைத்தான். என் ஆயாவைப் போன்ற ஒருத்தி அந்த அறைக்குள் போயிருந்தால் எவ்வளவு தைரியம் வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இரண்டாம் வருடம் சர்ஜிக்கல் வார்டு. சர்க்கரை நோயால் காலில் புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலையில் ஒரு பாட்டி இருந்தார். டிரெசிங்குக்கு நின்றேன். அவர் முகம் என் ஆயா முகமாகவே தெரிந்தது. கை நடுங்கவில்லை, ஆனால் கண்ணீர் நிற்கவே இல்லை. மேடம் என்னை வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். யாரை நினைத்து அழுகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக வெளி ஆள் ஒருவரிடம் ஆயாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "சரி. அது உங்க ஆயா. உள்ளே இருக்கறது வேற ஒரு அம்மா. அவங்களுக்கு என்ன பயம்னு போய்க் கேளு" என்றார். போய்க் கேட்டேன். கால் போவதைப் பற்றி அந்தப் பாட்டி பயப்படவில்லை. வீட்டில் கட்டியிருக்கும் இரண்டு மாட்டுக்குத் தீவனம் யார் வைப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. அழுதுகொண்டே நின்றிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

இதில் கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா கொரோனா காலத்தில் வென்டிலேட்டரில் இருந்து இறந்தவர். ஐ.சி.யூ. போஸ்டிங்கில், அதாவது அங்கே பயிற்சிக்குப் போட்ட நாள்களில், அலாரம் அடித்தால் அவள் உறைந்துபோய் நிற்பாள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தவர்கள் உண்டு. விஷயம் தெரிந்ததும் ஒரு டியூட்டர் அவளை முதலில் பகல் டியூட்டியில், தெளிவாக இருக்கும் நோயாளிகளிடம் போட்டு, மெல்ல மெல்லப் பழக்கினார். இன்று அவள் ஐ.சி.யூ.வில்தான் வேலை பார்க்கிறாள். இன்னொரு பையனின் அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்துக் கையெல்லாம் சொறியும் வெடிப்புமாக இருந்தவர். தோல் வார்டில் நோயாளியிடம் "என்ன வேலை பாக்கறீங்க" என்று முதலில் கேட்பவன் அவன்தான். போஸ்டிங் போடும் முன், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, எந்த வார்டு உனக்குக் கஷ்டம் என்று ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் போதும். பெரிய செலவில்லை, ஆனால் கேட்பவர்கள் குறைவு.

கம்யூனிட்டி போஸ்டிங்கில்தான் ஆயா எனக்கு முழுதாகத் துணை வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போவோம். செய்தித்தாளை விரித்துப் பையை வைப்பது, கை கழுவிவிட்டுப் பையைத் திறப்பது என்று அதற்கென்று முறை இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு அம்மா என்னோடு பேசும்போதெல்லாம் ஒரு கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். அந்தச் செய்கையை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கூட வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், "எங்க ஆயாவுக்கும் இருந்துச்சும்மா, குணமாயிடுச்சு. நான்தான் காலுக்கு எண்ணெய் தடவி விடுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் முந்தானையை விலக்கினார். முன்னங்கையில் வெளிறிய தேமல். பஞ்சால் தொட்டால் தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து உறுதி செய்தார்கள், மருந்து தொடங்கியது. மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மாதத்தில் முதல் நாள் மருந்தை நர்ஸ் முன்னாலேயே விழுங்க வேண்டும். மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை சீக்கிரமே போய்விடும். வீட்டில் கூட இருப்பவர்களையும் பரிசோதித்து, அவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு முறை ரிஃபாம்பிசின் என்ற மருந்து கொடுக்கிறார்கள். நரம்பு கெடுவதற்கு முன் வந்தால் விரல் மடங்காது, பாதம் மரத்துப்போகாது. ஆயா காலத்தில் இது யாராவது வீடு தேடி வந்து சொல்லியிருந்தால் என்று நினைத்து அன்று இரவு ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை.

லீவில் வீட்டுக்குப் போனதும் ஆயாவிடம் சொன்னேன், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல். "என் பேச்சையா எடுத்த?" என்று முதலில் கோபப்பட்டார். பிறகு, "அந்தப் பொம்பள கை காட்டிச்சா?" என்று கேட்டார். காட்டினார் என்றேன். "அப்போ சரி. இன்னொருத்தரு மறைச்சா அவங்ககிட்டயும் சொல்லு" என்றார். அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். ஒரு வீட்டார் திரும்பி வரவில்லை, வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது என் வேலையில் அதிகம் பார்ப்பது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை. நோய் வேறு, ஆனால் நரம்பு மரத்துப்போனால் ஆபத்து ஒன்றுதான். 10 கிராம் அளவுக்கு அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்போம். ஆயா போட்ட அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான் இவர்களுக்கும் சொல்கிறோம். பலர் அதைப் போடக் கூச்சப்படுகிறார்கள், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று. எங்கள் வீட்டில் அந்தச் செருப்பு வருடக்கணக்கில் வாசலில் கிடந்ததையும், அதைப் போட்ட நாள்களில் ஆயாவுக்குப் புண் வராததையும் சொல்வேன். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள். வாங்காதவர்களின் வீட்டு ஆள் யாராவது கூட வந்திருந்தால், அவர்களை உட்கார வைத்து, சாயங்காலம் அந்தக் காலை எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டி அனுப்புகிறேன்.