கூரைக்குக் கூரை நெட்
2004ல ஸ்பெயின்ல, கட்டலோனியாவோட ஒசோனா பக்கம் கிராமங்களுக்கு ஒழுங்கான பிராட்பேண்ட் கிடையாது. ரமோன் ரோகாவும் அக்கம்பக்கத்தாரும் சாதாரண வைஃபை ரவுட்டரை வாங்கி, கூரையில ஆண்டெனா கட்டி, ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி திருப்பி வச்சாங்க. நடுவுல ஒரு மரம் தழைச்சாப் போதும், சிக்னல் போச்சு! அப்படி ஆரம்பிச்ச குய்ஃபி.நெட்ங்கிற மக்கள் நெட்வொர்க்ல இன்னிக்கு 35,000 இணைப்புப் புள்ளிகளுக்கு மேல.

என்னைக் கவர்ந்தது ஆண்டெனா இல்ல, கணக்கு. அந்த நெட்வொர்க்கை வச்சு இணையம் விற்கிற சின்னக் கம்பெனிங்க, தான் போட்ட செலவையும் பயன்படுத்தின அளவையும் பொதுவுல காட்டணும். போட்டதை விட அதிகமா எடுத்தவர், அதிகமா போட்டவருக்கு ஈடு கட்டணும். யாரும் வள்ளலா இருக்கத் தேவையில்ல.

ஹீலியம்ங்கிற இன்னொரு வயர்லெஸ் நெட்வொர்க் வேற ரூட்ல போச்சு: சிக்னல் பரப்புற ஹாட்ஸ்பாட் பெட்டியை வச்சா கிரிப்டோ காசு. நம்மாளுங்க மூளை எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் போல. இல்லாத இடத்துல இருக்கிற மாதிரி லொகேஷனை மாத்திக் காசு பார்த்தாங்க. கடைசியில ஏமாத்துற பெட்டிகளைத் தள்ளி வைக்கத் தனிப் பட்டியலே போட வேண்டியதாச்சு.

எங்க அபார்ட்மெண்ட்ல மோட்டார் கரண்ட் பில்லைப் பிரிக்கவே மூணு கூட்டம் ஆச்சு. இன்னும் முடியல.