காற்றுக்காகப் பூங்காவை மூடும்போது

காலையில் நல்ல வெயில், இலைகூட அசையவில்லை, கேட்டில் ‘இன்று பூங்கா மூடப்பட்டுள்ளது’ என்று பலகை தொங்குகிறது. வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் திட்டு வாங்குவார். ஆனால் நேரத்தோடு மூடினால் காட்சி அப்படித்தான் இருக்கும். காற்று எழுந்த பிறகு மூட முடிவெடுத்தால், உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் ஆடுகிற மரங்களுக்கு அடியில் நடக்கவைத்துத்தான் வெளியே அனுப்ப முடியும். அந்த அரை மணி நேரம்தான் அன்றைய நாளிலேயே ஆபத்தான நேரம்.

ஆகவே எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மூட வேண்டும் என்பதோடு, அந்த வேகம் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்பு மூட வேண்டும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பல பூங்காக்களின் விதிப்புத்தகத்தில் முதல் பாதி மட்டும் இருக்கும்.

வேகத்தை முதலில் பார்ப்போம். வானிலை அறிக்கையில் ‘மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்’ என்று சொல்வார்கள். முன்னால் வருவது சில நிமிடங்களின் சராசரி. ‘இடையிடையே’ என்பது ஏறக்குறைய 3 விநாடி நீடிக்கும் வீச்சு. கிளையை முறிப்பது அந்த வீச்சுதான். மூடுவதற்கான வரம்பை எப்போதும் வீச்சின் வேகத்தில் வையுங்கள். சராசரியில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். திறந்த வெளியிலேயே வீச்சு சராசரியைப் போல ஒன்றரை மடங்கு வரை போகும். கட்டடமும் மரமும் கலந்த இடத்தில் அதைத் தாண்டும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 40 கி.மீ. காற்று 60 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் இரண்டேகால் மடங்கு. 80 ஆனால் நான்கு மடங்கு. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், தட்டையான ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது சுமார் 25 கிலோ எடை வைத்தது போன்ற அழுத்தம் விழும். மரத்தின் தலை வளைந்து கொடுக்கும், இலைகள் மடங்கிக்கொள்ளும், அதனால் மரத்துக்கு அவ்வளவு முழுதாக ஏறாது. வேலியில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனருக்கு வளையத் தெரியாது. அது வேலியையே சாய்த்துவிடும்.

காற்றின் வலிமையை எண்களால் வரிசைப்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: 6-ஆம் எண்ணில் (39–49 கி.மீ.) பெரிய கிளைகள் ஆடும், 7-இல் (50–61) முழு மரமும் ஆடும், 8-இல் (62–74) சிறு கிளைகள் ஒடியும், 10-இல் (89–102) மரம் வேரோடு சாயும். இதை அப்படியே பூங்காவுக்கு எடுத்துக்கொள்வது தப்பு. அவை சராசரி வேகங்கள். சராசரி 50 என்றால் இடையில் 75 வந்து போயிருக்கும். மேலும், பூங்காவின் எல்லா மரங்களும் நல்ல மரங்கள் இல்லை.

தொடக்கத்துக்கு ஒரு வரம்பு சொல்லலாம். வீச்சு 45 கி.மீ. எட்டும் என்றால் ஷாமியானா, வெயில் குடை, படகு, மரத்தடி விளையாட்டுப் பகுதி எல்லாம் நிறுத்தம். 55 என்றால் அடர்ந்த மரப்பகுதியும் மரச்சாலைகளும் மூடப்பட வேண்டும், புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது. 65 என்றால் பூங்கா முழுவதும் காலி. 45 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வெளியில் பயன்படுத்தும் ஏணி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சக் காற்று விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. அதற்கு மேல் போனால், முறிந்து தொங்கும் கிளையை இறக்க உங்களிடம் வழியே இல்லை.

இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தில் இலை நிறைந்திருக்கிறதா, மண் ஊறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமென்றால் ஒவ்வொரு வரம்பிலும் 10 கி.மீ. குறையுங்கள். காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். மரம் தன் ஊர்க் காற்றைத் தாங்கும்படியே வேரையும் அடிமரத்தையும் வளர்த்திருக்கும். வழக்கமில்லாத திசையிலிருந்து வரும் காற்று, வழக்கமான திசையின் அதே வேகக் காற்றைவிட மோசமாக இருக்கலாம். போன வருடம் குழாய் பதிக்க வேருக்கு அருகே பள்ளம் வெட்டினார்களா? பக்கத்து மரத்தை வெட்டி, இதுவரை ஒதுங்கி நின்ற மரத்தைக் காற்றின் முகத்தில் நிறுத்தினார்களா? அடிமரத்தில் தட்டுக் காளான் முளைத்திருக்கிறதா? இரண்டு தண்டுகள் ‘வி’ போலக் குறுகிச் சேருமிடத்தில் பட்டை உள்ளே மடங்கியிருக்கிறதா? இந்த மரங்களின் பட்டியலும், அவை விழுந்தால் எந்தப் பாதையில் விழும் என்ற வரைபடமும் காற்று வருவதற்குச் சில மாதங்கள் முன்பே தயாராக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று மரம் பார்க்கக் கிளம்புவதில் பயனில்லை.

1987 அக்டோபர் 16 அதிகாலையில் தெற்கு இங்கிலாந்தை அடித்த புயலில் லண்டன் கியூ தோட்டம் மட்டும் சுமார் 700 மரங்களை இழந்தது. மரங்களில் இலை கொட்டியிருக்கவில்லை, மழையில் மண் ஊறியிருந்தது. அங்கே 1798-இல் நட்ட டர்னர் ஓக் மரத்தைக் காற்று வேரோடு தூக்கி, மறுபடி அதே குழியில் இறக்கியது. ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்த அந்த மரம் சில வருடங்களில் தெளிந்து தழைத்தது; பார்வையாளர் கால்பட்டு இறுகிக் கிடந்த மண் குலுங்கித் தளர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். மூடும் முடிவெடுப்பவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு மீட்டருக்குள்தான் பரவியிருக்கும். அந்த மண்ணைத்தான் கூட்டம் மிதித்து இறுக்குகிறது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மரம் பெரும்பாலும் வேர் நலிந்த மரமாகவும் இருக்கும்.

காற்றுமானியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகக் கூரை ஓரத்தில் பொருத்திய கிண்ணக் காற்றுமானி, கூரையில் முட்டி எழும் காற்றைத்தான் அளக்கும். திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில், அருகிலுள்ள தடையிலிருந்து அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி வைப்பது முறை. பூங்காவுக்குள் அப்படியொரு இடம் அரிது. கிடைப்பதில் சிறந்த இடத்தில் வைத்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவோடு சில மாதம் ஒப்பிட்டு, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் பிடிக்கும் சின்னக் கருவி மார்பு உயரத்தில் 25 காட்டும்போது, 20 மீட்டர் மேலே மரத்தின் தலை அதைப் போல இருமடங்கு காற்றை வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இனி நேரக் கணக்கு. உள்ளே கடைசியாக இருக்கும் ஆள் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கூட்டமுள்ள ஒரு சாதாரண நாளில் ஒத்திகை நடத்தி அளந்துவிட வேண்டும். கோடிமூலையிலிருந்து கேட்டுக்கு மெதுவாக நடந்தால் 25 நிமிடம் என்றால், அறிவிப்புக்கு 10, குழந்தைகளைத் தேடிச் சேர்க்க 15, தேடுதல் குழுக்களுக்கு 30 என்று கூட்டிப் பார்த்தால் ஒரு மணி 20 நிமிடம் வந்துவிடும். முன்னறிவிப்பில் ஒரு மணி நேரம் முன்பின் இருக்கும். ஆக, காற்று மாலை 4 மணிக்கு என்றால் மதியம் 1:30-க்குள் கேட் மூடத் தொடங்க வேண்டும். முந்தைய நாள் மாலையிலேயே அறிவித்து, அன்று முழுக்கத் திறக்காமல் விடுவது இதைவிட எளிது. பள்ளிக் குழுக்கள் பஸ் ஏறும் முன்பே சேதி போய்விடும்.

முடிவெடுக்க ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று பெயரோடு எழுதி வைத்திருக்க வேண்டும். டிக்கெட் வசூலுக்குப் பதில் சொல்பவர் அந்த ஒருவராக இருக்கக் கூடாது. இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

காலி செய்யும்போது முதலில் உள்ளே வரும் கேட்டை மூடிவிட்டு, வெளியேறும் கேட்டுகளை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு நீளக் கூடாது: ‘பலத்த காற்று வருவதால் பூங்கா மூடப்படுகிறது. வடக்கு கேட் வழியாக இப்போதே வெளியேறுங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள்.’ அவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காற்றோடு மழைத்தூறல் விழுந்தால் ஜனங்கள் முதலில் ஒதுங்குவது பெரிய மரத்தின் கீழேதான். அழகுக்காக நட்ட மரச்சாலை வழியே கூட்டத்தை அனுப்புவது இன்னொரு வழக்கமான பிழை. புல்வெளி வழியாகச் சுற்றிப்போனாலும் பரவாயில்லை.

தேடுதல் குழு இரண்டிரண்டு பேராக, தூரத்து மூலையிலிருந்து கேட்டை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு பகுதியும் காலியானதும் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு அங்கே தடுப்பு வைத்துவிட்டு நகர வேண்டும். வைக்காவிட்டால் பின்னாலேயே ஆள் நுழைந்துவிடும். கழிப்பறை, கண்ணாடி இல்லம், பறவை பார்க்கும் குடில், குழந்தைகளின் மரவீடு ஆகியவற்றுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். கூப்பிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, காதில் இயர்போன் இருக்கும். சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கு முதலிலேயே வண்டி அனுப்பிவிடுங்கள்.

எப்போதும் மறந்துபோவது இரண்டு: வாகன நிறுத்தமும் வெளி வேலியும். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, நிறுத்துமிடத்து மரங்களுக்கு அடியில் ஆட்டோவுக்கோ காருக்கோ காத்திருக்க வைப்பதில் என்ன பலன்? வேலியைத் தாண்டி நடைபாதை மேல் நீளும் கிளைகளுக்கும் பூங்காவே பொறுப்பு. அந்த நடைபாதையை அடைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பதும் விதிப்புத்தகத்தில் இருக்கட்டும்.

கண்ணாடி இல்லம் ஒதுங்க நல்ல இடம் போலத் தெரியும், அங்கே யாரையும் நிற்கவிடாதீர்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னல்களை முதலில் சாத்துங்கள். உள்ளே புகுந்த காற்றும் வெளியே கூரையை இழுக்கும் காற்றும் சேர்ந்துதான் கண்ணாடியைப் பிடுங்கும். மெழுகு உருளையால் தானே திறந்து மூடும் ஜன்னல்களில் கவனம் தேவை. அந்த உருளைக்குச் சூடு மட்டும்தான் தெரியும், காற்று தெரியாது. வெயிலோடு காற்றும் சேர்ந்த நாளில் அது ஜன்னலை அகலத் திறந்தே வைத்திருக்கும். உருளையைக் கழற்றிவிட்டுக் கொக்கி போடுங்கள். நிழல்வலையைச் சுருட்டிக் கட்டுங்கள். தொட்டியில் உள்ள உயரமான செடிகள் விழுவதற்கு முன் நீங்களே படுக்க வைத்துவிடுங்கள். குப்பைத்தொட்டி மூடி, பிளாஸ்டிக் நாற்காலி, மடக்குப் பலகை எல்லாம் உள்ளே போகட்டும்.

தோட்டப் பணியாளர்களும் மனிதர்கள்தான். பார்வையாளரை அனுப்பிவிட்டு, ‘விழுந்த கிளையை மட்டும் இழுத்துப் போட்டுவிடு’ என்று ஒருவரைத் தனியாக உள்ளே அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வரம்பு அவர்களுக்கும் ஒன்றே. காற்றில் ரம்ப வேலை கூடவே கூடாது.

நடுவில் காற்று திடீரென அடங்கினால் அவசரப்படாதீர்கள். புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் அமைதியாகும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், ஒரு பக்கம் தளர்ந்துபோன வேர்கள் மறுபக்கம் இழுபடும். சாதாரணப் பலத்த காற்றிலும், வீச்சு தொடர்ந்து இரண்டு மணி நேரமாவது வரம்புக்குக் கீழே இருந்தால்தான் ஆய்வுக்கே உள்ளே போகலாம். அதுவும் பகல் வெளிச்சத்தில், இருவராக.

ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது மேலே. முறிந்து மற்றொரு கிளையில் சிக்கித் தொங்கும் கிளை, காற்று நின்ற மறுநாள்கூட ஒரு சின்ன அசைவில் கீழே வரும். பிறகு அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். காற்று வந்த பக்கத்தில் மண் பிறை வடிவில் வெடித்திருந்தாலோ, காலை வைத்தால் பொதுக்கென்று அமுங்கினாலோ, வேர் பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். மரம் நிமிர்ந்தே நின்றாலும் சரி. சந்தேகப்பட்ட மரத்தைச் சுற்றி அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குத் தடுப்பு வையுங்கள். வெறும் நாடா கட்டினால் ஆட்கள் குனிந்து போய்விடுவார்கள். சாய்ந்த மரம் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியம் வரும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முழுதாகத் திறக்க இரண்டு மூன்று நாள் ஆனால் ஆகட்டும். பிரதான பாதையும் புல்வெளியும் முதலில், மரப்பகுதி கடைசியில். வேரோடு சாய்ந்த மரங்களைச் சுற்றித் தடுப்பு வைக்காமல் எந்தப் பகுதியையும் திறக்காதீர்கள். செங்குத்தாக நிற்கும் வேர்மண் தட்டும் அதன் கீழே குழியும் குழந்தைகளைச் சுண்டி இழுக்கும். தண்டை வெட்டி எடை குறைந்த நொடியில் அந்தத் தட்டு மறுபடி குழிக்குள்ளேயே விழக்கூடும். சிலசமயம் யாரும் தொடாமலேயே விழும்.