மதிலில் போய் முட்டிய பிறகு வேஸ் மேப்பில் இடம் குறிக்கக் கற்ற கதை

"சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று போனில் இருந்த வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலி சொன்னபோது எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் போக வேண்டிய மருத்துவமனை. மாடி ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது, வாசலைத்தான் காணோம். பின் சீட்டில் அப்பா, மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு. வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் பல்லைக் கடிக்கிறார். ரிவர்ஸ் எடுத்து, சந்திலிருந்து வெளியே வந்து, பெரிய சாலையைப் பிடித்து முன்வாசலுக்குப் போய்ச் சேர 12 நிமிடம் ஆனது. அந்த 12 நிமிடமும் மேப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு ஒருநாள், சரி, அது ஏன் அப்படிக் கொண்டுபோய் விட்டது என்று பார்ப்போமே என்று கம்ப்யூட்டரில் அதன் மேப்பைத் திருத்தும் வேஸ் எடிட்டரைத் திறந்தேன். வேஸில் செயலியை வைத்து வண்டி ஓட்டுகிற யார் வேண்டுமானாலும் மேப்பைத் திருத்தலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் இஷ்டப்பட்ட இடத்தையெல்லாம் திருத்த முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது: புதிதாக வருகிறவருக்கு, கடந்த 90 நாளில் அவர் செயலியை ஓடவிட்டு ஓட்டிய பாதையைச் சுற்றி மட்டும்தான் அனுமதி. அந்த ராத்திரிப் பயணம் இதற்காவது உதவியது.

மருத்துவமனையின் குறி எங்கே இருந்தது தெரியுமா? கட்டடத்தின் நட்டநடுவில். பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தாலும் அங்கேதான் வைக்கும். எடுத்து முன்பக்கம் நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நகர்த்தப் போனால் பூட்டு. மேப்பைத் திருத்துகிற ஆட்களுக்கு (அவர்களையும் எடிட்டர் என்றே சொல்வார்கள்) 1 முதல் 6 வரை படிநிலை உண்டு, முக்கியமான இடங்களை மேல்படியில் இருப்பவர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், என்னைப் போன்ற ஒன்றாம் படிக்காரன் கை வைக்க முடியாது. கோபம்தான் வந்தது. பூட்டைத் திறந்துவிடச் சொல்லி எடிட்டர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் எழுதினேன். ஒரு மூத்த எடிட்டர் திருப்பி மூன்றே கேள்வி கேட்டார். "எத்தனை கேட் இருக்கிறது? எது வண்டி உள்ளே போக, எது வெளியே வர? நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அன்று ராத்திரி எந்த கேட் வழியாக நுழைந்தேன் என்றுகூட நினைவில்லை. இன்னொரு மேப்பைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன், அது கூடவே கூடாது என்றார். மற்ற மேப்பிலிருந்து காப்பியடிக்கக் கூடாது என்பது இங்கே முதல் விதி, உரிமைச் சிக்கல் ஒரு பக்கம், அங்கே இருக்கும் தப்பும் சேர்ந்து வந்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

ஆக, அப்பாவை அடுத்த செக்கப்புக்கு அழைத்துப் போன அன்று அவரை வரிசையில் உட்காரவைத்துவிட்டு வளாகத்தைச் சுற்றி நடந்தேன். மூன்று கேட். பெரிய சாலையை ஒட்டியது உள்ளே போக மட்டும். அதைத் தாண்டி மூலையில் இருப்பது வெளியே வர மட்டும், அதன் வழியாக நுழையப் பார்த்த ஒரு காரை செக்யூரிட்டி திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன். பக்கவாட்டில் மூன்றாவது, அவசர சிகிச்சைக்கு. பின்னால் இருக்கும் சந்தில் மதிலைத் தவிர ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் ஒரு பில்லின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வந்து எழுதி அனுப்பினேன், பூட்டு திறந்தது.

இனிமேல்தான் விஷயமே. இடத்தின் பெயர் எழுதியிருக்கும் குறி வேறு, வண்டி போய் நிற்க வேண்டிய புள்ளி வேறு. செயலி அந்த நிறுத்தப் புள்ளியிலிருந்து நேர்கோட்டில் அளந்து, மிக அருகில் எந்தச் சாலை இருக்கிறதோ அதில் கொண்டுபோய் நிறுத்தும். நடுவில் மதில் இருக்கிறதா, வாய்க்கால் இருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கட்டடத்தின் நடுவிலிருந்து அளந்தால் முன்சாலையைவிடப் பின்சந்து கொஞ்சம் பக்கம். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் எங்கள் 12 நிமிடம்.

இது புரிந்ததும் எனக்கு ஒரே குஷி, புள்ளியை இழுத்து முன்கேட்டின் மேல் வைத்துச் சேமித்துவிட்டேன். மறுபடி அந்த மூத்தவர்: "அளந்து பார்த்தீர்களா?" அளந்தால், கேட்டுக்கு எதிரே மேலே ஒரு மேம்பாலம் போகிறது, அதன் கீழே ஓரமாக சர்வீஸ் ரோடு. மேப்பில் வளாகத்துப் பக்கம் மேம்பாலத்தின் கோடு சாய்ந்து வளைகிற இடத்தில், நான் வைத்த புள்ளிக்கு சர்வீஸ் ரோட்டைவிடப் பாலம்தான் ஒரு மீட்டர் பக்கம்! உயரம் என்பதே அந்தக் கணக்கில் கிடையாது. அப்படியே விட்டிருந்தால் மதிலுக்குப் பதிலாக அடுத்த நோயாளி பாலத்தின் உச்சியில் நின்று "அடைந்துவிட்டீர்கள்" என்று கேட்டிருப்பார்.

அவர் சொன்ன வழி எளிமையானது, எனக்குத்தான் தோன்றவில்லை. புள்ளியை எங்கே வைப்பது என்று மல்லுக்கட்டுவதை விட்டு, வளாகத்துக்கு உள்ளே வண்டி ஓடும் பாதையை மேப்பில் வரைந்துவிட வேண்டும். வாகன நிறுத்தப் பாதை என்று அதற்கு ஒரு தனி வகையே இருக்கிறது. உள்கேட்டில் தொடங்கி, நோயாளியை இறக்கிவிடும் போர்ட்டிகோ வழியாகப் போய், வெளிகேட்டில் முடிகிற மாதிரி, ஒருவழித் திசையோடு வரைந்தேன். அப்புறம் நிறுத்தப் புள்ளியைப் போர்ட்டிகோவுக்கு எதிரே அந்தப் பாதையை ஒட்டி வைத்தால், பாலமோ சந்தோ போட்டிக்கே வர முடியாது. உள்ளே பாதை போட்டால் எல்லோரையும் வளாகத்துக்குள் புகுந்து குறுக்கே போகச் சொல்லுமோ என்று பயம் இருந்தது. அப்படி நடக்காது, இந்த வகைப் பாதையில் குறுக்கே கடந்து போவதைச் செயலி தவிர்க்கப் பார்க்கும், சேருமிடமே உள்ளே இருந்தால்தான் தாராளமாக நுழையும். ஒரு நிபந்தனை, இந்தப் பாதையின் முனைகள் வெளிச்சாலையோடு சரியாக இணைந்திருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பலாம் என்ற அனுமதியையும் கொடுத்திருக்க வேண்டும். நான் ஒரு முனையில் அனுமதி கொடுக்க மறந்து, அதற்கும் ஒரு குட்டு வாங்கினேன்.

புள்ளியா பரப்பா என்ற கேள்வி அடுத்து வந்தது. வேஸில் ஒரு இடத்தை ஒற்றைப் புள்ளியாகவும் குறிக்கலாம், எல்லை வரைந்து பரப்பாகவும் குறிக்கலாம். விமான நிலையம், பூங்கா, பெட்ரோல் பங்க், பார்க்கிங் மாதிரி ஓட்டுகிறவர் கண்ணுக்கு ஒரு பெரிய அடையாளமாகத் தெரிபவை பரப்பு. ஒரே கட்டடத்தில் இருக்கும் கடைகள், ஆபீஸ்கள் புள்ளி. எது எந்தப் பக்கம் என்பதில் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், அந்தந்த நாட்டுக்கான பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும். மருத்துவமனை வளாகத்தைப் பரப்பாக வைத்து, அவசர சிகிச்சைக்கு மட்டும் தனியாக ஒரு புள்ளி போட்டு, அதன் நிறுத்தத்தைப் பக்கவாட்டுக் கேட்டில் வைத்தோம். என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையில் உருப்படியான காரியம் இது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவருக்குப் புறநோயாளி வாசல் எதற்கு?

பெயர்ப் பெட்டியிலும் குப்பை கிடந்தது. யாரோ மருத்துவமனைப் பெயரோடு தெருப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் "24 மணி நேரமும்" என்பதையும் சேர்த்து ஒட்டி வைத்திருந்தார்கள். எண்ணுக்குத் தனிப் பெட்டி, நேரத்துக்குத் தனிப் பெட்டி, மக்கள் வாயில் புழங்கும் செல்லப்பெயருக்கு மாற்றுப்பெயர்ப் பெட்டி. எடுத்து அந்தந்த இடத்தில் போட்டேன், ஐந்து நிமிட வேலை.

கை பழகிவிட்டால் அடங்காது இல்லையா, அடுத்து ஒரு நண்பன் வீட்டைக் குறித்தேன், அவன் பெயரையே போட்டு, வாசலில் நிற்கும் அவன் கார் நம்பரோடு போட்டோவும் ஏற்றி. வேஸில் நான் செய்ததிலேயே வெட்கப்பட வேண்டிய காரியம் இது. வீடு என்றால் குடியிருப்பு வகையில், வெறும் கதவு எண்ணும் தெருவும் மட்டும்தான். யார் இருக்கிறார்கள் என்பது மேப்புக்கு வேண்டாத சங்கதி. போட்டோவில் முகமோ நம்பர் பிளேட்டோ தெரியக் கூடாது. யாரும் சொல்வதற்கு முன்பே எனக்கே உறைத்து அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சொன்ன பிறகுதான் அழித்தேன்.

சேமித்த உடனே போனில் மாறிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அன்று சாயங்காலமே போய் ஓட்டிப் பார்த்து, மறுபடி சந்துக்கே கூட்டிப்போனதும் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து வரையப் போனேன். திருத்தங்களெல்லாம் சேர்ந்து மேப் புதிதாகக் கட்டப்பட்ட பிறகுதான் புதுப் பாதை வழிகாட்டலுக்கு வரும். மேப் கடைசியாகக் கட்டப்பட்டது என் திருத்தத்துக்குப் பிறகுதானா என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் பெட்ரோல் மிச்சம். இரண்டு நாள் கழித்து மேப் மாறியிருந்தது.

அப்பாவுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிற நாளில் மூன்றாம் முறை போனோம். பெரிய சாலை, சர்வீஸ் ரோடு, கேட், போர்ட்டிகோ. செயலி "அடைந்துவிட்டீர்கள்" என்றபோது சக்கர நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்பா இறங்கியபடியே, "போன தடவையும் இப்படித்தானே வந்தோம்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது பார்த்தால் பின்பக்க மதிலில் ஒரு பகுதியை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். புது கேட் வரப்போகிறதாம், உள்ளே வரவா, வெளியே போகவா என்று அங்கே நின்ற ஆளுக்கும் தெரியவில்லை. அது முடிந்து நேரில் பார்க்கும்வரை அந்தப் புள்ளியைத் தொடப்போவதில்லை.