தாத்தாவின் இரண்டு டிராகன்களும் தங்கச்சியின் கேக் தராசும்

எங்கள் வீட்டு சாமித்தட்டில் லட்சுமி படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு டிராகன்கள் நான் பிறந்த காலத்திலிருந்தே உட்கார்ந்திருக்கின்றன. தாத்தா இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை சீமைக்குப் போய்விட்டார். போகும்போது தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனவை இவை. அப்பாயிக்கு இவை யாளிகள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து இதுகளையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். அப்பாயி போன பிறகு இரண்டும் என்னிடம் வந்தன. எங்கே செய்தது என்று கண்டுபிடிக்க நாலு மாதமாக மெனக்கெட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் யாளியா இல்லையா என்பதை முடித்துக்கொண்டேன். யாளிக்குச் சிங்க உடம்பு. கண்டிப் பக்கத்து விகாரைகளில் வாசலுக்கு மேலே தோரணத்தில் இருக்கும் மகரத்துக்குத் துதிக்கையும் முதலை வாயும் உண்டு. எங்களுடையதுக்குப் பாம்பு மாதிரி நீண்ட உடம்பு, மான் கொம்பு, மீசை, கழுகுக் கால். சீனா, ஜப்பான் பக்கத்துச் சரக்கு என்பதில் சந்தேகமே இல்லை. (டிராகன் இந்த நாட்டுக்குப் புதுசும் இல்லை. கொழும்பு நூதனசாலையில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் வெட்டியிருக்கிறது, உச்சியில் இரண்டு டிராகன்கள். தமிழ் எழுத்துக்கு மேலே டிராகனைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.)

அப்புறம் எல்லாரும் செய்வது போல நானும் நகத்தை எண்ணினேன். ஐந்து நகம் சீனப் பேரரசருக்கு, நான்கு அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, மூன்று ஜப்பானுக்கு என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. பெரிய டிராகனுக்கு நான்கு. சின்னதுக்கு மூன்று, அதுவும் ஒரு காலில் உருண்டை ஒன்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாற்பது வருஷமாக ஜோடி என்று நினைத்த இரண்டுக்கும் நகக் கணக்கே ஒத்துவரவில்லை! ஆனால் நகத்தை மட்டும் நம்பக்கூடாது. சீனாவிலேயே தாங், சோங் காலத்து டிராகன்களுக்கு மூன்று நகம்தான். ஏற்றுமதிக்கு வார்த்தவர்களோ எத்தனை நகம் வேண்டுமானாலும் போட்டிருக்கிறார்கள். நகம் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அதனால் உலோகத்துக்குப் போனேன். காந்தம் இரண்டிலும் ஒட்டவில்லை, ஆக இரும்பு இல்லை. அடுத்து பித்தளையா, வெண்கலமா, மேலே பூச்சு அடித்த துத்தநாகமா என்று பார்க்க வேண்டும். தங்கச்சி கேக் செய்து விற்கிறவள், ஒரு கிராம் வரை காட்டும் தராசு அவளிடம் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் வாளியை வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, டிராகனை மீன் நரம்பில் கட்டி அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர், ஆக தராசு காட்டும் கிராம்தான் அதன் கனஅளவு. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. துத்தநாகம் 7.1, பித்தளை 8.4 முதல் 8.7 வரை, வெண்கலம் 8.8க்குக் கிட்ட.

பெரியது 1,240 கிராம். தண்ணீரில் 174. வகுத்தால் 7.13. துத்தநாகம்! எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. மலிவு வார்ப்பையா தாத்தா இத்தனை வருஷம் சாமித்தட்டில் வைத்திருந்தார் என்று அன்று இரவு சரியாகத் தூக்கமில்லை. ஆனால் துத்தநாகத்தை வருஷத்துக்கு இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்தால் இப்படித் தங்கமாகவா மின்னும்? புளி அதை அரித்துச் சாம்பல் நிறமாக்கியிருக்குமே. காலையில் திரும்ப இறக்கி, தண்ணீருக்குள்ளேயே பக்கவாட்டில் சாய்த்தேன். வயிற்றுக் குழியிலிருந்து காற்றுக் குமிழிகள் புளுபுளுவென்று வந்தன. குழிக்குள் நின்ற காற்றும் கனஅளவில் சேர்ந்திருக்கிறது! இப்போது 148. அடர்த்தி 8.38, நல்ல பித்தளை. சின்னது 986 கிராம், தண்ணீரில் 112, அதாவது 8.80. வெண்கலம். உலோகமே வேறு.

இரண்டையும் ஒரு துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பேராதனையில் இறங்கி, கடுகண்ணாவைப் பஸ் பிடித்து பிலிமத்தலாவைக்குப் போனேன். ரோட்டோரம் பித்தளைக் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர் அது. ஒரு கடைக்குப் பின்னால் வார்ப்பு வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவர் டிராகன்களின் முகத்தைப் பார்க்கவே இல்லை, இரண்டையும் கவிழ்த்துப் போட்டு டோர்ச் அடித்தார். பெரியதன் வால் அடியில் மயிரிழை மாதிரி ஒரு மேடு ஓடுவதை என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். மண் அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த இடம், மேலே அரம் போட்டவர்கள் அடியில் போடவில்லை. சின்னதில் அந்த மேடே இல்லை. உள்ளே மெழுகில் பதிந்த விரல் வரிகள் அப்படியே உலோகமாகி இருந்தன, ஒரு மூலையில் சுட்ட களிமண் ஒட்டியிருந்தது. மெழுகு வார்ப்பு, அதாவது மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. செதில் ஒவ்வொன்றும் வார்த்த பிறகு உளியால் தனித்தனியாக வெட்டியது. “இதுக்கு இனிமேல் புளி போடாதீங்க மகத்தயா” என்று சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பெரியதன் வயிற்றுக் குழியை ஈர்க்கால் கிளறினேன். அப்பாயி தேய்த்த புளியும் சாம்பலும் பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. அதைக் கிளற மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொருக்கு விட்ட இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘சைனா’ என்று குத்தியிருந்தது. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மக்கின்லி வரிச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட்டே ஆக வேண்டும். அதனால் இது பெரும்பாலும் 1891க்குப் பிந்திய சீன ஏற்றுமதிப் பித்தளை. தலை உச்சியில் கொம்புகளுக்கு நடுவே புரி வெட்டிய துளை ஒன்றும் இருக்கிறது, அதிலே ஏதோ திருகி நின்றிருக்கிறது.

சின்னதில் முத்திரை இல்லை. ஆனாலும் மூன்று நகம், பிடித்த உருண்டை, மெழுகு வார்ப்பு, உளிவேலை, மடிப்புகளில் புளி எட்டாமல் தப்பிய கரும்பழுப்பு நிறம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஜப்பானின் மெய்ஜி காலம் (1868–1912) என்றே முடிவு கட்டுகிறேன். 1876இல் அங்கே வாள் கட்டிக்கொண்டு திரிவதைத் தடை செய்தபோது வாளுக்குப் பூண் வேலை செய்த உலோகக் கலைஞர்கள் பிழைப்பில்லாமல் இப்படியான அலங்காரப் பொருட்களுக்கு மாறினார்கள். அந்தக் காலத்தில் யோகோகாமாவிலிருந்து சூயஸ் போன கப்பல்கள் பல கொழும்பைத் தொட்டுத்தான் போயின, ஆக துரைமார் மேசைக்கு இவை வந்து சேர்ந்ததில் அதிசயமில்லை.

இவ்வளவும் முடித்துவிட்டு போன ஞாயிறு அத்தையிடம் இரண்டையும் காட்டினேன். சின்னப் பிள்ளையில் தாத்தாவோடு பங்களாக் குசினிக்குப் போய் வந்தவர் அவர். புரித் துளையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேலே ஒரு கிண்ணி இருந்திச்சே, துரை சாப்பிடுற மேசையில மெழுகுதிரி ஏத்தி வைப்பாங்க” என்றார். மற்றது? “அது சாப்பாட்டு மேசைக்கு எங்க வந்திச்சு? அது ஆபீஸ் அறையில கடுதாசி பறக்காம வைக்கிறது. ரெண்டையும் ஜோடியா வச்சது உங்க அப்பாயிதான்.”