பருத்த கால்களுக்கு அழுத்தக் காலுறை வாங்குவோர் கவனத்திற்கு

வெரிகோஸ் வெயின் என்றும் நரம்பு சுருட்டல் என்றும் நாம் சொல்லும் சிரை நோய்க்கும், நாள்பட்ட கால் வீக்கத்துக்கும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவது அழுத்தக் காலுறை. நான் பார்த்த மருந்துச் சீட்டுகளில் பெரும்பாலும் இரண்டு செய்திகள்தாம் இருந்தன: காலுறை முழங்கால் வரையா தொடை வரையா என்பது ஒன்று, அழுத்தம் எந்த வகுப்பு என்பது மற்றொன்று. அணியப்போகிறவரின் கால் எத்தனை சென்டிமீட்டர் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. ஒல்லியான கால் உடையவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. அட்டைப்பெட்டியில் இருக்கும் எஸ், எம், எல் என்ற எழுத்துகளில் ஏதோ ஒன்று அவர்களுக்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு அப்படிப் பொருந்துவதில்லை. பொருந்தாத காலுறை பயன் தராமல் இருப்பதோடு நிற்காமல் தீங்கும் செய்யும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் நின்றுகொண்டு பாடம் நடத்துகிற என் கணுக்கால் சுற்றளவு 25 செ.மீ., கெண்டைக்கால் சுற்றளவு 47 செ.மீ. ஒரு கடையில், “இந்தக் காலுக்கு சைஸ் வராதம்மா, உடம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். உடல் எடை குறைந்தால் சிரைகளின் சுமை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கால் இன்று வீங்குகிறது, காலுறை இன்று தேவைப்படுகிறது. அதோடு, கால் பருத்திருப்பதற்கு எடை மட்டுமே காரணம் அன்று. சிலருக்குத் தசையே அப்படி. சில பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களிலும் கொழுப்பு சமமாகப் படிந்து, பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும். தொட்டால் வலிக்கும், எளிதில் கன்றிப்போகும். லிப்பிடீமா எனப்படும் இந்த நிலை பட்டினி கிடந்து தீர்வதில்லை. நிணநீர் தேங்குவதால் வரும் வீக்கம் இதிலிருந்து வேறுபட்டது. அதில் பாதமும் சேர்ந்து வீங்கும், இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க முயன்றால் வராது. யானைக்கால் நோயால் வரும் வீக்கம் இந்த வகையைச் சேர்ந்தது. காரணம் எது என்பதைப் பொறுத்தே வாங்க வேண்டிய காலுறையின் வகை மாறும். ஆகவே முதலில் அதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் காலுறையின் வேலை காலை வெறுமனே இறுக்குவது அன்று. கணுக்காலில் அழுத்தம் மிகுதியாகவும், மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருந்தால்தான், நடக்கும்போது கெண்டைத் தசை பிழிந்து அனுப்பும் இரத்தம் மேல்நோக்கிச் செல்லும். கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர் தாமே சிரை நோயால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது தம் கால் வலி தணிவதைக் கவனித்து, ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுவதே அதற்குக் காரணம் என்று கண்டு, அதே முறையில் அழுத்தம் தரும் காலுறையை 1950-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். குளத்து நீர் எந்த வடிவக் காலையும் ஒரே நேர்மையோடு சூழ்ந்துகொள்ளும். துணிக்கு அந்த இயல்பு இல்லை. அது எந்த அளவுக்குப் பின்னப்பட்டதோ அந்த அளவுள்ள காலில் மட்டுமே, பெட்டியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைத் தரும்.

அந்த அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இரத்த அழுத்தத்தைப் போலவே இதையும் மில்லிமீட்டர் பாதரசத்தில்தான் அளக்கிறார்கள். ‘வகுப்பு 2’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். ஜெர்மானிய முறையில் வகுப்பு 2 என்றால் கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ.; பிரிட்டிஷ் முறையில் அதே வகுப்பு 2 என்பது 18 முதல் 24; பிரெஞ்சு முறையில் 15 முதல் 20. அமெரிக்க நிறுவனங்கள் வகுப்பைச் சொல்லாமல் 15–20, 20–30, 30–40 என்று எண்ணையே போடுகின்றன. உறுதியான அழுத்தம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 20–30-உம் அதற்கு மேற்பட்டவையும் ஆகும். எனவே மருத்துவரிடம் வகுப்பைக் கேட்காமல் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு மருத்துவமனையில் போட்டுவிடும் வெள்ளைக் காலுறை வேறு பொருள். கணுக்காலில் ஏறக்குறைய 18 மி.மீ. அழுத்தம் தரும் அது, படுக்கையில் இருப்பவருக்கு இரத்தம் உறையாமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வீட்டில் யாரோ மீதம் வைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு நடமாடுவது இந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது.

உறுதியான அழுத்தத்தைக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் அந்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். இதைக் கண்டறிய, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. இரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் அறியும் டாப்ளர் கருவியை வைத்துச் சிறிது நேரத்தில் செய்துவிடலாம். விடை 0.9-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் இயல்பு, 0.8-க்குக் கீழே போனால் உறுதியான காலுறையைப் பற்றி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நீரிழிவு நீண்ட காலமாக இருப்பவர்களின் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு, இந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டக்கூடும். அவர்களுக்குக் காலில் உணர்வும் மங்கியிருக்கலாம் என்பதால் இரட்டைக் கவனம் தேவை. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் காலுறைக் கடை அன்று, மருத்துவமனை.

இனி, பருத்த காலுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஒரே இழுவிசை உள்ள துணி, சிறிய வட்டத்தின் மீது மிகுதியான அழுத்தத்தையும் பெரிய வட்டத்தின் மீது குறைவான அழுத்தத்தையும் தரும். லாப்லாஸ் விதி என்று இயற்பியலில் படித்தது இதுதான். என் காலையே எடுத்துக்கொண்டால், கணுக்காலில் 30 மி.மீ. தரும் இழுவிசை கெண்டைக்காலிலும் மாறாமல் இருந்தால், அங்கே அழுத்தம் ஏறக்குறைய 16 மி.மீ. ஆகக் குறையும், இது விரும்பத்தக்கதே. ஆனால் 38 செ.மீ. கெண்டைக்காலுக்குப் பின்னிய காலுறையை நான் அணிந்தால், துணி அங்கே அளவுக்கு மீறி விரிந்து, இழுவிசை ஏறி, முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்கும். கணுக்காலை விட மேலே அழுத்தம் கூடிவிட்டால் இரத்தம் ஏறுவதற்குப் பதிலாகக் கீழேயே தேங்கும். இதற்கு மாற்றாகப் பலர் செய்வது இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. அப்போது மேலே பொருந்திக் கணுக்காலில் தொளதொளவென்று நிற்கும், மடிப்பு விழும், எங்கே அழுத்தம் மிகத் தேவையோ அங்கே எதுவும் கிடைக்காது. ஆகவே பருத்த காலுக்குப் பார்க்க வேண்டியது பெரிய சைஸ் அன்று; கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் சைஸ். சில நிறுவனங்கள் ஒரே கணுக்கால் அளவுக்கு, அகன்ற கெண்டைக்கால் உள்ள தனி வகையையும் செய்கின்றன. அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

அளவு எடுப்பதைக் காலையில், படுக்கையை விட்டு எழுந்து அதிக நேரம் ஆவதற்குள் செய்ய வேண்டும். மாலையில் அளந்தால் வீக்கத்தைத்தான் அளப்போம். தையற்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பே போதும். சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். நேராக நின்றுகொள்ளுங்கள், குனிந்து நாமே அளந்தால் தசையின் வடிவம் மாறிவிடும் என்பதால் வீட்டில் ஒருவர் அளந்து தருவது நல்லது. கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே கால் மிகவும் மெலிந்திருக்கும் இடம், கெண்டைச் சதை மிகவும் பருத்திருக்கும் இடம், முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே உள்ள இடம் ஆகிய மூன்றின் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரையிலிருந்து அந்த மூன்றாவது இடம் வரை உயரத்தை அளக்க வேண்டும். இந்த உயரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டேப் தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும், சதையில் பதியக் கூடாது. இரண்டு கால்களையும் தனித்தனியே அளந்து, வேறுபாடு மிகுதியாக இருந்தால் இரண்டு அளவுகளில் வாங்க வேண்டியிருக்கும். இந்த எண்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் எக்ஸ்எல் இன்னொன்றின் எல்லாக இருக்கும். எந்த அட்டவணையிலும் உங்கள் எண்கள் ஒரே கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால், அளவெடுத்துப் பின்னித் தரும் காலுறைதான் சரியான விடை.

பின்னலிலும் இரண்டு வகை உண்டு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் குழாய்போல வட்டமாகப் பின்னப்பட்டவை. தையல் தெரியாது, மெல்லியவை, புடவைக்கும் பேண்டுக்கும் அடியில் உறுத்தாதவை. ஆனால் மேலிருந்து கீழ் வரை ஒரே எண்ணிக்கைக் கண்ணிகளைக் கொண்டே வடிவம் கொடுக்க வேண்டியிருப்பதால், கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டினால் அது தோற்றுவிடும். தட்டையாகப் பின்னிப் பின்னால் தைத்து இணைக்கும் வகையில், காலின் வடிவத்துக்கேற்பக் கண்ணிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். துணி கெட்டியாக இருப்பதால் சதை மடிப்புகளுக்குள் புதைந்து அறுக்காமல் அவற்றின் மேலே நிற்கும். நிணநீர் வீக்கம், லிப்பிடீமா, கணுக்காலில் மடிப்பு விழும் அளவுக்குப் பருமன் ஆகியவை உள்ளவர்களுக்கு இதுவே ஏற்றது. விலை கூடுதல், பார்வைக்குத் தடிமன், செய்து வர நாளாகும். இருந்தும் உங்கள் கால் அதைக் கேட்கிறது என்றால் மெல்லியதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

தொடை வரை வரும் காலுறையைப் பருத்த தொடையில் நிறுத்தி வைப்பது கடினம். சிலிகான் பட்டை இருந்தும் உருண்டு இறங்கும். உருண்ட இடத்தில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து அழுத்தம் பன்மடங்காகும். மருத்துவர் தொடை வரைதான் வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லாதபோது, முழங்கால் வரை உள்ளதே பலருக்குப் போதுமானது. தரையில் உட்கார்ந்து எழும் நம் வீடுகளுக்கு அதுவே தோதானது. நீளம் மிஞ்சினால் மேல் விளிம்பை மடித்து விடக்கூடாது. குட்டையான நீளத்தில் கிடைக்கும் அதே சைஸைக் கேளுங்கள். செருப்பு அணிபவர்களுக்கும், வீட்டுக்குள் வெறுங்காலோடு ஈரத்தில் நடப்பவர்களுக்கும் விரல் திறந்த வகை நல்லது; விரல்களின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பாதம் மிகவும் வீங்குபவர்களுக்கு அந்தத் திறப்பின் விளிம்பு வெட்டும் என்பதையும் கவனியுங்கள்.

சரியாகப் பொருந்திய காலுறை, போட்ட சிறிது நேரத்தில் ஓர் உறுதியான பிடியாகத் தெரியுமே தவிர வலிக்காது. குதிகால் பகுதி குதிகாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். விரல்கள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்ற வேண்டும். மாலையில் கழற்றும்போது மெல்லிய தடம் இருப்பது இயல்பு. மேல் விளிம்பில் ஆழமான பள்ளமும் சிவந்த புண்ணும் இருந்தால் அந்த அளவு உங்களுடையது அன்று.

உறுதியான காலுறையை மாட்டுவதற்கே வலிமை வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை அணிந்துகொண்டால் துணி நன்றாகப் பிடிபடும். காலுறையைக் குதிகால் வரை உள்புறமாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாக அமர்த்திய பின், உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேலே நகர்த்த வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயையோ களிம்பையோ இரவில் தடவிக்கொள்ளுங்கள், காலையில் வேண்டாம். வயிறு இடித்துக் குனிய முடியாதவர்களுக்கு, காலுறையை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் கிடைக்கிறது. அதுவும் முடியாதபோது, மருத்துவரின் ஒப்புதலோடு மெல்லிய காலுறைகள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அணியலாம்; இரண்டின் அழுத்தமும் ஏறக்குறையக் கூடிக்கொள்ளும். மிகவும் பருத்த, வடிவம் ஒழுங்கற்ற கால்களுக்கு, வெல்க்ரோ பட்டைகளால் இறுக்கிக்கொள்ளும் உறைகள் வந்திருக்கின்றன. வீக்கம் இறங்க இறங்கப் பட்டையை இழுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், முதல் சில வாரங்களுக்குக் காலுறையை விட அதுவே சிக்கனமாக அமையும்.

துணிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளம் 2018-லேயே செய்தது. இருக்கையில் அமரும் வாய்ப்புக் கிடைக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைப்பதும், கிடைக்காதபோது குதிகாலை எக்கி எக்கி இறக்குவதும், காலுறை செய்யும் வேலைக்குத் துணை நிற்கும்.

இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றைத் துவைத்து மற்றொன்றை அணியலாம். நம் வெயிலில் தினமும் துவைக்காமல் முடியாது. மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி ஈரம் வாங்கி, நிழலில் உலர்த்துங்கள். வெளுப்பானும் கண்டிஷனரும் மீள்நூலைக் கெடுக்கும். தினமும் அணிந்தால் ஏறக்குறைய ஆறு மாதங்களில் இழுவிசை தளர்ந்துவிடும். ஆனால் அந்த இரண்டு ஜோடியையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதல் ஜோடியை அணியத் தொடங்கியபின் வீக்கம் இறங்கி, கணுக்கால் ஓரிரு சென்டிமீட்டர் குறையக்கூடும். அப்போது மீண்டும் காலையில் நின்று அளந்து, அந்தப் புதிய எண்களுக்கு இரண்டாவதை வாங்குங்கள்.