எழுத்து இல்லாத நிமிடங்கள்

என் கணினித் திரையில் படத்துக்குக் கீழே நீளமாக ஒரு பட்டை ஓடும். வசனம் வருகிற இடத்தில் எல்லாம் அதில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வசனம் இல்லாத இடம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைக்கு எங்கள் குழுவில் 'காலி' என்று பெயர். "இந்தப் படத்தில் காலி நிறைய, மதியத்துக்குள் முடிந்துவிடும்" என்று சொல்லிக்கொள்வோம். சப்டைட்டில் போடுகிறவனுக்குக் காலி என்றால் கை ஓய்கிற இடம். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பழைய இயக்குநர்களைப் பற்றி இன்று எனக்கு இருக்கிற அபிப்பிராயங்களில் பாதிக்கு மேல் அந்தக் காலியான இடங்களைப் பார்த்துப் பார்த்து வந்தவைதான்.

வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே நான் படப் பைத்தியம். யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. அதுதான் 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆனது. உரிமை வாங்காமல் எடுத்ததால் வழக்கு வரை போய், நஷ்டஈட்டில் முடிந்தது. 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' படத்தில் வருகிற இரண்டு குடியானவர்களின் கண் வழியாகக் கதை சொல்லும் முறை 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இரண்டு ரோபோக்களுக்குப் போனது. ஜார்ஜ் லூகாஸே இதைச் சொல்லியிருக்கிறார். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். பாதிப்பு என்றால் இதுதான் என்று அப்போது நம்பினேன்: ஒரு ஷாட், ஒரு கதை, ஒரு கேமரா நகர்வு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது எதுவும் தப்பில்லை. ஆனால் முக்கியமான விஷயம் அதில் இல்லை என்பதை இந்த வேலைதான் எனக்குக் காட்டியது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. வசனத்தின் முதல் சத்தம் எந்த ஃப்ரேமில் தொடங்குகிறதோ அங்கே எழுத்து வர வேண்டும். ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. ஏழு நொடிக்கு மேல் ஒரே எழுத்து திரையில் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, முடிந்தவரை ஒரு ஷாட்டில் தொடங்கிய எழுத்து, அந்த ஷாட் வெட்டி முடிகிற 'கட்' தாண்டி அடுத்த ஷாட்டுக்குள் நீளக் கூடாது. நீண்டால் கண் அதைப் புது வரி என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படிக்கப் போகும். அதனால் ஒரு படத்தின் ஒவ்வொரு கட்டும் எந்த ஃப்ரேமில் விழுகிறது என்பது எங்களுக்கு அத்துப்படி. ரசிகனாக ஒரு படத்தை இருபது முறை பார்த்தவனுக்குக்கூட, பேச்சு முடிந்து எத்தனை ஃப்ரேம் கழித்து அந்த இயக்குநர் வெட்டுகிறார் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) என் கைக்கு வந்தபோது முதல் நாளே திகைத்துப்போனேன். துப்பறிகிறவன் அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்து போகிறான். பூக்கடை, கல்லறைத் தோட்டம், ஓவியக் காட்சிக்கூடம் என்று போய்க்கொண்டே இருக்கிறான். பட்டையில் கட்டமே இல்லை. பல நிமிடங்களுக்குப் பேச்சே கிடையாது. பெர்னார்ட் ஹெர்மனின் இசை, காரின் மெதுவான ஓட்டம், அவன் முகம், அவள் முதுகு. இவ்வளவுதான். திரையரங்கில் பார்த்தபோது அதில் பேச்சில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று முழுக்கப் புரிந்ததாகத்தான் இருந்தது.

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் சினிமாவுக்குள் நுழைந்தது எப்படி என்று பிறகு படித்தேன். 1920இல் லண்டனில் ஒரு ஸ்டுடியோவுக்கு மௌனப் படங்களின் டைட்டில் கார்டுகளை வடிவமைக்கும் ஆளாகப் போனார். காட்சிக்கு நடுவே எழுத்தாக வருமே, அந்த அட்டைகள். ஒரு வகையில் என் வேலையின் மூதாதை வேலை. படம் எங்கே எழுத்துக்காக நிற்கிறது, எங்கே எழுத்து தேவையே இல்லை என்பதை அவர் அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் இந்த மேசையில் உட்கார்ந்தவனுக்கு இதை நம்பாமல் இருக்க முடியாது.

அவருடைய 'சைக்கோ' (1960) என்றதும் எல்லோரும் குளியலறைக் கொலைக் காட்சியைத்தான் சொல்வார்கள். எத்தனை படங்களில் அதைத் திருப்பி எடுத்துவிட்டார்கள்! நான் சொல்வது அதற்கு அடுத்து வருவது. விடுதி நடத்துகிற நார்மன் துடைப்பத்தை எடுத்துவந்து குளியலறையைக் கழுவுகிறான். உடலைச் சுற்றிக் காரில் வைக்கிறான். காரைச் சதுப்பில் தள்ளுகிறான். முக்கால்வாசி மூழ்கியதும் கார் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த சில நொடிகள், 'ஐயோ, மூழ்கித் தொலையேன்' என்று நம் மனம் கொலையை மறைக்கிறவன் பக்கம் போய்விடுகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. நம்மை இடம் மாற்றியது அந்தக் காத்திருப்பு மட்டும்தான்.

1998இல் குஸ் வான் சான்ட் இதே படத்தை வண்ணத்தில், அநேகமாக ஷாட்டுக்கு ஷாட், அதே திரைக்கதையை வைத்து மறுபடி எடுத்தார். ஹெர்மனின் இசையும் அதேதான். என் நோட்டின் கணக்குப்படி இதைவிடப் பெரிய பாதிப்பு இருக்க முடியாது. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் உயிர் தட்டுப்படவே இல்லை. அதே சமயம் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா த்ரூஃபோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஹிட்ச்காக்குடன் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி, அந்த உரையாடலைப் புத்தகமாகவே போட்டவர். அவருடைய நல்ல படங்கள் பலவும் ஹிட்ச்காக் படம் மாதிரி இருக்காது. குருவிடம் கேட்டுத் தெளிந்தவனின் தைரியம் மட்டும் அவற்றில் இருக்கும்.

குரோசவா விஷயத்திலும் இதேதான். 'சஞ்சுரோ' (1962) படத்தின் கடைசி மோதலில் இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சுமார் அரை நிமிடம் அசைவே இல்லை. பிறகு ஒரே வீச்சு, ரத்தம் பீறிடுகிறது, முடிந்தது. அந்த ரத்தப் பீறலை அதற்குப் பிறகு எவ்வளவோ படங்களில் பார்த்துவிட்டோம். அந்த அரை நிமிடத்தை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்? எடுத்தவர்கள் உண்டு. லியோனியே எடுத்தார். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் முகங்களையும் கண்களையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருப்பாரே, அந்தப் பொறுமைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். வழக்கு போட்டது கதைக்காக. குரோசவாவின் உண்மையான வாரிசாக அவரை நான் பார்ப்பது அந்தக் காத்திருப்புக்காக.

குரோசவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கதையையும் வசனத்தையும் தன் குரலில் சொல்கிறவர்களுக்கு ஜப்பானில் அந்தப் பெயர். தம்பிக்கு நல்ல நல்ல படங்களை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். பேசும் படம் வந்ததும் பென்ஷிகளின் பிழைப்பு போனது. 1933இல் ஹெய்கோ தற்கொலை செய்துகொண்டார். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. படத்துக்கும் பார்க்கிறவருக்கும் நடுவே நின்று சொற்களைச் சேர்க்கிற ஆள் அவர். நானும் அப்படி ஒரு ஆள்தான்.

இப்போது சத்யஜித் ரே. இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் போடப் பழக்கினார்கள். அதில் வசனம் மட்டும் போதாது. கதவு தட்டும் சத்தம், மழை, அழுகை, இசை எல்லாவற்றையும் அடைப்புக்குள் எழுத வேண்டும். பயிற்சிக்கு 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வெளியூர் போயிருந்த ஹரிஹரர் திரும்பி வருகிறார். வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்கு ஒரு சேலை. மகள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. சர்பஜயா அந்தச் சேலையைக் கையில் வாங்குகிறாள், வாயில் அழுத்திக்கொள்கிறாள், உடைகிறாள்.

நான் '[சர்பஜயா கதறி அழுகிறாள்]' என்று போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

எனக்கு மேலே இருந்த பெரியவர் அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பில் குறித்து அனுப்பினார். பக்கத்தில், "கதறல் கேட்கிறதா?" என்று ஒரு கேள்வி. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எத்தனை முறை பார்த்த படம்! அவள் அழுவது எனக்குத் தெரியாதா? ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினேன். அழுகைச் சத்தமே இல்லை. வாய் திறக்கிறது, உடம்பு குலுங்குகிறது, குரல் இருக்க வேண்டிய இடத்தில் ரவி ஷங்கரின் இசையில் தார் ஷெனாய் என்கிற தந்தி வாத்தியம் உச்சத்துக்கு ஏறுகிறது. அத்தனை வருடமாக நான் கேட்டதாக நினைத்த கதறல் என் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. பெரியவரிடம் போய், "சார், நான் மாற்றிவிடுகிறேன்" என்றேன். அவர், "காது கேட்கிறவனுக்கே ரே கொடுக்காததை, கேட்காதவனுக்கு நீ ஏனப்பா கொடுக்கிறாய்? வாயை அவர்களும் பார்ப்பார்கள்" என்றார். '[தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது]' என்று மாற்றினேன்.

ரே 1950இல் லண்டனில் தே சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்துவிட்டுத்தான் படம் எடுக்க உறுதி கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் 'தி ரிவர்' எடுக்க வங்காளம் வந்தபோது இடம் பார்க்க அவருடன் சுற்றியிருக்கிறார். ஆனால் 'பதேர் பாஞ்சாலி'யில் தே சிக்காவின் ஷாட்டைத் தேடினால் கிடைக்காது. ரென்வாரின் ஷாட்டும் கிடைக்காது. பெரிய நட்சத்திரங்கள் வேண்டாம், செட்டை விட்டு வெளியே போய் எடுக்கலாம், சின்ன விஷயத்தின் மீது அத்தனை நேரம் கண்ணை வைத்திருக்கலாம் என்கிற துணிவுதான் அவர்களிடமிருந்து வந்தது. பாதிப்பு என்ற சொல்லை இப்போது நான் இந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறேன்.

ஆர்சன் வெல்ஸையும் சொல்லிவிடுகிறேன். 'சிட்டிசன் கேன்' மேதை செய்த படம், சந்தேகமில்லை. ஆனால் அதில் காலி குறைவு, என் மனம் அங்கே தங்குவதில்லை. சரி, அது என் குறுகல் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

யசுஜிரோ ஓசுவிடம் என் மனம் தங்குகிறது. அவர் 1936இல்தான் முதல் பேசும் படம் எடுத்தார், மற்றவர்கள் மாறிய பிறகும் விடாமல் மௌனப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்தவர். ஓசுவின் வசனம் எழுதுவது லேசு என்று நினைத்துத்தான் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) ஆரம்பித்தேன். 'அப்படியா', 'ஆமாம்', 'நல்ல வெயில்'. இவ்வளவுதான் பேசுகிறார்கள். ஆனால் எந்த 'அப்படியா' ஏமாற்றம், எந்த 'அப்படியா' மன்னிப்பு என்று முடிவெடுக்க ஒரு நாள் போனது. பேச்சு முடிந்து ஆள்கள் போன பிறகும் அவர் அறையைக் காட்டிக்கொண்டிருப்பார், அல்லது ஒரு தாழ்வாரம், ஒரு துணிக்கொடி. படத்தின் தொடக்கத்தில் ஜன்னல் வழியாக ஒரு பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்துப் பேசுவார். கடைசியிலும் அதே ஜன்னல், அதே அம்மா. உள்ளே பெரியவர் மட்டும் இருக்கிறார், மனைவி இல்லை. அவர் சிரித்தபடி பதில் சொல்கிற அந்த வரியை நான் ஒன்பது முறை மாற்றி எழுதினேன். எழுதியதில் எது மிகச் சாதாரணமாக இருந்ததோ அதையே வைத்தேன்.

தமிழில் இந்தப் பொறுமை என்றால் எனக்கு மகேந்திரன்தான். அவர் வந்த வழி நேர் எதிரானது. 'தங்கப்பதக்கம்' எழுதியவர் அவர், சிவாஜிக்கு அனல் பறக்கிற வசனம் கொடுத்த கை. அந்தக் கைதான் இயக்க வந்ததும் வசனத்தை வெட்டிக் குறைத்தது. 'உதிரிப்பூக்கள்' (1979) முடிவில் படத்தின் கொடியவன் சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் இறங்கிப் போகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே கரையில் நிற்கிறது. பேசத் தெரியாதவர் பேசாமல் இருப்பது வேறு, பேசத் தெரிந்தவர் போதும் என்று நிறுத்துவது வேறு. அந்தப் படத்துக்குப் பிறகு வந்தவர்கள் பலர் கிராமத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆற்றை எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பொன்னிற வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். நிறுத்துகிற இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம்.

இப்போதெல்லாம் வருகிற படங்களில் காலி குறைந்துகொண்டே போகிறது. ஒருவர் அழுதால் இன்னொருவர், "அழாதே" என்கிறார். அழுவது ஏன் என்று மூன்றாமவர் சொல்கிறார். கட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்படி ஒரு வாரம் முடிந்த பிறகு, போன மாதம் ரேயின் 'சாருலதா' (1964) வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து, "அண்ணா, இந்த ஃபைலில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் ஏழு நிமிடத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கிறது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கோளாறு இல்லை. சாரு கைப்பிடி வைத்த சின்னத் தூரக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். புத்தகத்தில் ஆழ்ந்தபடி கணவன் அவளைக் கவனிக்காமலேயே கடந்து போகிறான். போகிற அவன் முதுகையும் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். பிறகு கை மெதுவாகத் தாழ்கிறது, கேமரா சட்டென்று பின்வாங்குகிறது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் நான்கு நொடி பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். அப்புறம் இன்னொரு முறை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வேறு ஒரு ஃபைல் அப்படியே கிடந்தது.