கூரை போடாமல் விட்ட கோயில்

லிஸ்பனுக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் சரி, தரையை நன்றாகப் பிடிக்கிற ஷூவை மறந்துவிடக் கூடாது. ஊர் முழுக்க நடைபாதைகளில் வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துக் கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள். வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. நாலு துளி தூறிவிட்டால் எண்ணெய் கொட்டிய தரைதான். நாங்கள் போனது மார்ச் மாதம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறிய முதல் மேட்டிலேயே என் மனைவி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, கோபம்தான். "பாரிஸுக்குப் போவோம்னு சொன்னேன், கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்பது உண்மை. மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் இன்னும் ஓர் ஊர் பார்க்கலாம் என்றதும் நான் லிஸ்பன் என்றேன். நான் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் கணக்கு எழுதியே முப்பது வருடம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் என் வரிசையில் பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது என்றுதான் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பெயர்கள் எங்கிருந்து கப்பல் ஏறி வந்தனவோ, அந்தத் துறையைப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. (மச்சாது என்றால் போர்த்துகீசிய மொழியில் கோடரி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என் சிநேகிதனுக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன்.)

தங்கியது அல்ஃபாமா பகுதியில், ஒரு பழைய வீட்டின் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. எங்களுக்கு 'ஒப்ரிகாது' (நன்றி) தவிர வேறு எதுவும் வராது. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சாவியைக் கையில் வைத்து, "ஷாவே." மேசையைத் தட்டி, "மேஸா." பிறகு மரக்கதவைத் தள்ளித் திறந்து, தேஜு ஆறு தெரிகிற திறப்பைக் காட்டி, "ஜனெலா." என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரி, துவாலை, பொத்தான், பீப்பாய், அன்னாசி எல்லாம் அங்கிருந்து வந்தவை என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு. நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது ஒரு வெள்ளைக்கார அம்மா உங்கள் வீட்டு ஜன்னலைக் காட்டி ஜன்னல் என்றே சொல்வது வேறு. அதோடு கோபம் தீர்ந்துவிட்டது.

அல்ஃபாமா என்ற பெயர் அரபி. வெந்நீர் ஊற்று இருந்த இடமாம். 1147இல் போர்ச்சுக்கலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கெஸ் பிடிக்கும்வரை லிஸ்பன் முஸ்லிம்கள் ஆண்ட நகரம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள், தலைக்கு மேலே கொடிகளில் காயும் துணிகள், எங்கிருந்தோ மீன் சுடுகிற வாசனை. மேலே ஏறினால் சாவ் ஜோர்ஜ் கோட்டை. கோட்டையைவிட அங்கிருந்து தெரிகிற ஓட்டுக்கூரைகள்தான் எனக்குப் பிடித்தன. 28ஆம் எண் மஞ்சள் டிராம் இந்தச் சந்துகளுக்குள் சுவரை உரசாத குறையாக நுழைந்து போகிறது. காலை ஏழரைக்குள் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் பர்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் கீழே இறங்கி பைஷா பகுதிக்குப் போனதும் ஊரே மாறிவிட்டது. நூல் பிடித்தாற்போல் நேர்த்தெருக்கள், ஒரே உயரத்தில் கட்டடங்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள்: 1755 நவம்பர் 1.

அன்று சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு ஊரே கோயில்களில் கூடியிருந்தது. எல்லாப் பீடங்களிலும் மெழுகுவத்தி. ஒன்பதரை மணிக்கு மேல் பூமி ஆடியது. கூரைகள் விழுந்தன. தப்பித்தவர்கள் திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி, ஆற்றின் அடித்தரை தெரிந்தது. பிறகு அலை வந்தது. மெழுகுவத்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. ஆற்றங்கரையில் இருந்த அரண்மனை, அதன் நூலகம், அந்த வருடம்தான் திறந்த ஓபெரா அரங்கம் எதுவும் மிஞ்சவில்லை.

இதை அந்த ஆற்றங்கரைச் சதுக்கத்திலேயே நின்று படித்தபோது எனக்கு வேளாங்கண்ணிதான் நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதுவும் காலை வேளை, அதுவும் கோயிலுக்கு வந்த கூட்டம். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு.

மன்னர் ஜொஸே அன்று குடும்பத்தோடு பெலெம் பக்கம் போயிருந்ததால் தப்பித்தார். ஆனால் அதன் பிறகு கல் கட்டடத்துக்குள் வாழவே பயந்து, மரத்தாலும் துணியாலும் ஆன அரண்மனையில்தான் இருந்தார். ஊரைத் திரும்பக் கட்டியது அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். கெட்டிக்காரர், கொடூரமானவரும்கூட. அவர் ஒவ்வொரு கோயில் பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: நிலநடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை தடவை மறுபடி அதிர்ந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா. கடவுளின் கோபம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிக் கணக்குக் கேட்ட மனிதரை, கணக்குப் பிரிவுக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்துவிட்டது. புது வீடுகளின் சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைத்தார்கள். 'கயோலா' என்று பெயர், கூண்டு என்று அர்த்தம். சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களைக் காலை ஓங்கி மிதித்து நடக்க வைத்து அதிர்வைச் சோதித்தார்களாம்.

தெருக்களுக்குத் தொழில் பெயர்கள். பொன் தெரு, வெள்ளித் தெரு, அப்புறம் 'சப்பத்தெய்ருஷ்' தெரு. செருப்புத் தைப்பவர் தெரு. இலங்கைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் இன்றும் சப்பாத்துதான் போடுகிறார்கள். பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு வங்கிக்கு அடியில் ரோமானியர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகளைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக் கருவாட்டுத் தொட்டி! அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஆற்றை ஒட்டிய கடைகளில் உப்புக்கண்டம் போட்ட பக்காலியாவு மீன் பலகை பலகையாக அடுக்கியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் ஊர்ச் சந்தைதான்.

பைஷாவிலிருந்து மேட்டில் ஏறினால் கார்மு மடம். 1389இல் தொடங்கிய கோயில். நிலநடுக்கத்தில் கூரை விழுந்தது. மறுவருடமே திரும்பக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்; தூண்களும் வளைவுகளும் எழும்பின. 1834இல் துறவு மடங்களை அரசு மூடியபோது வேலை நின்றது. அதன் பிறகு வந்தவர்கள், இனிமேல் கூரை வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே போனால் மீன் முள்ளைப் போல வளைவுகள் மட்டும் வானத்தில் நிற்கின்றன. தரையில் புல். மழை நேராக நடுக்கோயிலில் பெய்துகொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு கோயிலுக்குள் நின்றது அதுதான் முதல் தடவை.

வெளியே உள்ள சின்னச் சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, பக்கத்துப் படைத்தலைமையகத்தில் ஒளிந்திருந்த பிரதமர் கயெத்தானு சரணடைந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்த சர்வாதிகாரம் ஒரே நாளில் முடிந்தது. சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் மக்கள் கார்னேஷன் பூ செருகிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போனபோது அங்கே ஒரு பையன் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ரோஸியு சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவ் தொமிங்குஷ் கோயில் இருக்கிறது. கையேடுகளில் இதற்கு இரண்டு வரிதான் கொடுக்கிறார்கள். எனக்குக் கேட்டால் லிஸ்பனில் தவறவே விடக் கூடாத இடம் இது. 1959இல் உள்ளே தீப்பிடித்து எரிந்தது. கூரையைப் புதிதாகப் போட்டு ஆரஞ்சு வண்ணம் அடித்துவிட்டு, வெந்து வெடித்த தூண்களையும் உதிர்ந்த கற்களையும் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தக் கோயிலிலிருந்துதான் 1506இல் ஒரு கொலைவெறி கிளம்பியது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களைச் சில நாட்களில் நூற்றுக்கணக்கில், சிலர் கணக்கில் ஆயிரக்கணக்கில், கொன்றார்கள். வாசலுக்கு எதிரே அதற்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுற்றித்தான் இன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கூடி நின்று பேசுகிறார்கள். கொஞ்சம் தள்ளி மார்த்திம் மொனிஸ் பக்கம் போனால் வங்காளதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள். மனைவி அங்கே பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வாங்கி, அன்று இரவு வீட்டுக்கார அம்மாவின் அடுப்பில் தாளித்தாள். படிக்கட்டு முழுக்க மணம். யாரும் புகார் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பெலெம். எங்கள் ஊர்ப் பெயர்கள் கப்பல் ஏறிய இடம்.

ஜெரோனிமுஷ் மடத்தை 1501இல் மன்னர் மனுவேல் கட்டத் தொடங்கினார். பணம் எங்கிருந்து? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்குகள் மீது போட்ட 5 சதவீத வரி. முடிய ஒரு நூற்றாண்டு ஆனது. வாசலைப் பார்த்து மற்றவர்கள் புனிதர் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் கல்லில் செதுக்கிய கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கு, முடிச்சு எல்லாம் சரியாக இருக்கிறது. செதுக்கியவன் கப்பல் வடத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கைகூப்பிப் படுத்திருக்கிற பளிங்குச் சிலை. அவர் செத்தது கொச்சியில், 1524இல். முதலில் புதைத்தது அங்கேதான். அந்தக் காலிக் கல்லறையை நான் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். இப்போது நிரம்பிய கல்லறையையும் பார்த்தாயிற்று. 1502இல் மலபார்க் கரையில், மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தவர் இவர். கூப்பிய கைகளை அதனால் என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய கடலோடிகள் நினைவுச்சின்னத்தில் 33 உருவங்கள் கப்பல் முனையில் வரிசையாக ஏறி நிற்கின்றன. அதில் நம் கரைக்கு வந்த சவேரியாரும் ஒருவர். போன இடத்து மனிதர் ஒருவர்கூட இல்லை. தன் மேல் விழுந்த அடியைக் கூரை போடாமல் வைத்துக் காட்டுகிற ஊர், தான் கொடுத்த அடிக்கு இங்கே வெள்ளைக் கல்லில் பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பெலெம் கோபுரத்தின் ஒரு மூலையில், தூபி அடியில் காண்டாமிருகத்தின் தலை ஒன்று தேய்ந்துபோய்த் தெரியும். 1515இல் குஜராத் சுல்தானிடமிருந்து வந்த பரிசு. அதை யானையோடு சண்டைக்கு விட்டார்கள், யானை ஓடிவிட்டது. பிறகு போப்பாண்டவருக்கு அனுப்பினார்கள். கப்பல் இத்தாலிக் கரையில் மூழ்கிப் பாவம் அதுவும் செத்தது.

1837 முதல் விற்கிற கடையில் முட்டைப் பணியாரம் சாப்பிட்டோம். மடத்து இனிப்பு, மடம் மூடியபின் வெளியே வந்த பக்குவம். துறவு உடைக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் இனிப்பு செய்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். எங்கள் ஊர் மக்ரூனில் வெள்ளைக் கரு மட்டும்தான். அங்கே மஞ்சள், இங்கே வெள்ளை. ஒரே முட்டையை இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொண்டதுபோல. "ஆனா மக்ரூன்தான் ஒசத்தி," என்றாள் மனைவி, நாலாவதை எடுத்துக்கொண்டே.

எனக்கு அங்கே இன்னொரு வேலை இருந்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு சின்னச் செபப் புத்தகம் அச்சானது. தமிழ் வார்த்தைகள், ரோமன் எழுத்தில். இந்திய மொழிகளிலேயே அச்சேறிய முதல் நூல். எங்கள் முத்துக்குளித்துறை மக்களுக்காகச் செய்தது. வின்சென்ட் த நசரே, ஜோர்ஜ் கர்வாலியு, தோமே த குரூஸ் என்று மூன்று பேர் மொழிபெயர்த்தார்கள். குரூஸ் என்ற பெயர் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பிரதியைத் தனிநாயகம் அடிகள் பார்த்து எழுதிய அருங்காட்சியகம், மடத்தின் நீண்ட பக்கவாட்டுக் கட்டடத்திலேயே இருக்கிறது. புதுப்பிக்கும் வேலைக்காகச் சில வருடங்களாக மூடியிருந்தது என்பதைக் கிளம்புமுன் பார்த்திருக்க வேண்டியது நான். பூட்டிய கதவில் கையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசி நாள் மழை விடவே இல்லை. சுவரில் பதிக்கிற வண்ண ஓடுகளுக்கான அருங்காட்சியகம் ஒரு பழைய கன்னிமாடத்தில் இருக்கிறது. அங்கே மேல்மாடியில் 23 மீட்டர் நீளத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஓர் ஆற்றங்கரை. 1700 வாக்கில் செய்த லிஸ்பன், நிலநடுக்கத்துக்கு முந்தியது. அரண்மனை நிற்கிறது. கப்பல்கள் நிற்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தேன். திரும்பி வந்தால் மனைவி அல்ஃபாமா மேட்டுக்கு முன்னால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து நிற்கிறாள்.

"என்ன தேடறே?"

"நம்ம ஜன்னலை," என்றாள். "கோட்டைக்குக் கீழே, ரெண்டு கோபுரத்துக்கு வலது பக்கம். இந்த வரிசையா, அடுத்த வரிசையான்னுதான் தெரியலை."

நானும் பக்கத்தில் குனிந்து எண்ண ஆரம்பித்தேன்.